ஸ்விஃப்ட் விலையில் பி.எம்.டபிள்யூ... வாங்கலாமா, வேண்டாமா?

ஆறு லட்ச ரூபாய். இன்றைய தேதிக்குச் சென்னையில் இந்தத் தொகைக்குப் புது ஸ்விஃப்ட்கூட ஆன்ரோடு வராது. ஆனால், பழைய கார் விற்கும் எந்த ஆப்பையும் திறந்து பாருங்கள். 2011 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, அதே வயதுள்ள ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ், ஸ்கோடா சூப்பர்ப்... எல்லாம் நாலு லட்சம், ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று வரிசைகட்டி நிற்கும். லெதர் சீட், சன்ரூஃப், எட்டு ஏர்பேக். போட்டோவில் பளபளவென்று மின்னும். அன்றைக்குப் புதிதாக இதைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்ற வண்டி!

இதைப் பார்த்து ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஆசையில் தப்பில்லை. சின்ன வயதிலிருந்து அந்த நட்சத்திரத்தையோ, நாலு வளையத்தையோ பார்த்து ஏங்கியவர்களுக்கு, 'நம்ம வீட்டு வாசலிலும் ஒன்று நின்றால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், வீட்டுச் சேமிப்பு மொத்தத்தையும் அதில் போடப்போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுமையாக இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை இறங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது

இந்த வியாபாரத்தில் எல்லோரும் மறக்கிற விஷயம் இதுதான். 35 லட்ச ரூபாய் கார் பன்னிரண்டு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதன் ஹெட்லைட், ஏ.சி கம்ப்ரஸர், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் இன்னும் 35 லட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான். ஐந்து லட்சத்துக்கு வாங்கிய காருக்கு யாரும் ஐந்து லட்ச ரூபாய் காரின் விலையில் ஸ்பேர் தரமாட்டார்கள். ஒரு ஜீனான் ஹெட்லைட் உடைந்தால், கம்பெனி பாகமாக மாற்றும்போது ஐந்து இலக்கத்தில் பில் வரும். சில மாடல்களில் அது லட்சத்தையே தொட்டுவிடும். ஆல்ட்டோவில் பம்பரோடு சேர்த்து மாற்றினாலும் அவ்வளவு ஆகாது.

முதல் ஓனருக்கு இது பாரமாக இருந்திருக்காது. அவர் வாரண்டியில் ஓட்டினார். கம்பெனிக் கணக்கில் தேய்மானம் எழுதினார். ஐந்து வருடத்தில் விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார். இரண்டாவது ஓனர் பெரிய செலவு வரும் வரை ஓட்டினார். அந்தச் செலவு நெருங்கும்போதுதான் வண்டி ஆப்புக்கு வருகிறது. மூன்றாவது ஓனராக உள்ளே போகப்போவது நீங்கள்.

எந்த வண்டியில் என்ன வியாதி?

இந்த பட்ஜெட்டில் அதிகம் கண்ணில் படுவது பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் 'ஈ90' தலைமுறை. இதற்கும் நம்மூருக்கும் ஒரு சொந்தம் உண்டு. செங்கல்பட்டு பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-ல் திறந்த தொழிற்சாலையில்தான் இந்தியாவுக்கான 3 சீரிஸ்கள் அசெம்பிள் ஆயின. ஓட்டுவதற்கு இன்றைக்கும் அருமையான கார். வளைவுகளில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும்.

ஆனால் 320டி-யில் இருக்கும் 'என்47' டீசல் இன்ஜினின் டைமிங் செயின் பற்றித் தெரியாமல் அதைத் தொடாதீர்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட பிரச்னை இது. அந்தச் செயின் தேய்ந்து தளரும். கவனிக்காமல் விட்டால் அறுந்து இன்ஜினையே காலி செய்துவிடும். மற்ற பல இன்ஜின்களில் செயின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே, செயின் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடுகிற வேலை. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, பானெட்டின் பின்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். ஏற்கெனவே செயின் மாற்றிய பில் கையில் இருந்தால், அதே மாடலின் மற்ற வண்டிகளைவிட முப்பதாயிரம், நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

ஆடி ஏ4 டீசலில் வருவது 'மல்டிட்ரானிக்' என்கிற சி.வி.டி கியர்பாக்ஸ். இதை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பெட்ரோல் ஏ4-ல் வேறு கதை. 2009-ஐ ஒட்டி வந்த டி.எஃப்.எஸ்.ஐ இன்ஜின்களில் பிஸ்டன் ரிங் பலவீனத்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறார்கள் என்று ஓனரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேளுங்கள். 'ஆயிலா? சர்வீஸ்ல மாத்துறதோட சரி' என்பவர் உண்மை சொல்கிறாரா என்பதை, டிக்கியில் உருளும் பாதி காலியான ஆயில் கேன் சொல்லிவிடும்.

மெர்சிடிஸ் சி கிளாஸில் பெட்ரோல் சி200-ன் 'எம்271' இன்ஜினுக்கும் டைமிங் செயின் நீளும் வியாதி உண்டு. டீசல் சி220-ல் ஆரம்பகால வண்டிகளின் இன்ஜெக்டர் தொல்லை கொடுத்தது. மற்றபடி, இந்த மூன்று ஜெர்மன்களில் அமைதியாகக் குடும்பத்தோடு போய் வருவதற்கு ஏற்றது இதுதான் என்பது என் கருத்து.

ஸ்கோடா சூப்பர்ப் இந்தப் பட்டியலில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் வண்டி. லோகோவில் கெத்து கம்மி. ஆனால் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரும் இடத்தைப் பார்த்தால், அந்த விலையுள்ள ஜெர்மன்கள் வெட்கப்பட வேண்டும். இதில் பெட்ரோல் 1.8 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. சென்னை, கோவை மாதிரி நின்று நின்று போகிற டிராஃபிக்கில் அது சூடாகும். 'மெக்கட்ரானிக்' யூனிட் என்கிற அதன் மூளை பழுதானால் பில் லட்சத்தில் பேசும். டீசல் 2.0-ல் இருப்பது ஆறு கியர் கொண்ட, எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளட்ச். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலை மாற்றியிருந்தால் உழைக்கும். மாற்றியிருக்கிறார்களா என்பது பில்லில் தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு 'சரி, உங்க சாய்ஸ் எது?' என்று கேட்டால், பலருக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்வேன். 2008 முதல் 2013 வரை விற்ற ஹோண்டா அக்கார்டு 2.4 பெட்ரோல். டர்போ இல்லை. சிக்கலான கியர்பாக்ஸ் இல்லை. சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஹோண்டா சிட்டியைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் இதன் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடுவார். டொயோட்டா கேம்ரியும் இதே ரகம்தான். ஹைபிரிட் கேம்ரி என்றால் மட்டும் பேட்டரியின் வயதையும் கணக்கில் சேருங்கள். இந்த இரண்டிலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு யாரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். அதுவும் ஒரு வசதிதான்.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

ஆப்பில் பார்க்கும்போது, சில வண்டிகள் மட்டும் ஒன்றரை லட்சம் குறைவாக இருக்கும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: டி.எல். அல்லது எச்.ஆர். என்று ஆரம்பிக்கும். டெல்லி தலைநகரப் பகுதியில் 10 வயதைக் கடந்த டீசல் வண்டிகளும், 15 வயதைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025-ல் இந்த விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எப்படியானாலும், பத்து வயதை நெருங்கும் டீசல் சொகுசு கார்களை அங்கே வைத்திருக்க யாருக்கும் மனமில்லை. அடிமாட்டு விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்பி விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

வண்டி நன்றாகவே இருக்கலாம். கணக்கில்தான் ஓட்டை. அந்த ஊர் ஆர்.டி.ஓ-விடமிருந்து என்.ஓ.சி வேண்டும். கடன் இருந்திருந்தால், அதை முடித்ததற்கான வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பிறகு தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி, நீங்கள் கொடுத்த நாலரை லட்சத்தை வைத்து வருவதில்லை. வண்டியின் அன்றைய புது விலையையும் இன்றைய வயதையும் வைத்து வருவது. 40 லட்ச ரூபாய் வண்டிக்கு அது லட்சங்களைத் தொடும்போது, 'மலிவு' என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி நகலோடு உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குப் போய், எவ்வளவு வரி வரும் என்று கேட்டுவிடுங்கள். 'வெளி மாநில நம்பரோடயே ஓட்டிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது' என்பார் புரோக்கர். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு.

இன்னொரு செலவும் இருக்கிறது. 15 வயது முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த மத்திய அரசுக் கட்டணப்படி சாதாரண காருக்கு 5,000 ரூபாய். நேரடியாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான காருக்கு 40,000. நீங்கள் பார்க்கும் வண்டி இங்கே அசெம்பிள் ஆனதா, முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியதா என்பதை ஆர்.சி-யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

சென்னைக்காரர்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கைகழுவிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, வேறு ஊர்ச் சந்தையில் மறுபிறவி எடுக்கும். ஆல்ட்டோ மாதிரி வண்டி தண்ணீரில் நின்றால் சமாளித்துவிடலாம். ஆனால் சொகுசு காரில் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, டிக்கி ஓரத்தில் என்று எங்கே பார்த்தாலும் கன்ட்ரோல் யூனிட்கள். இன்று கண்ணாடி இறங்காது, நாளை ஏர்பேக் லைட் எரியும், அடுத்த மாதம் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. எந்த மெக்கானிக்காலும் முழுசாகத் தீர்க்க முடியாத தலைவலி அது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கும். அதை யாரும் கழுவ மாட்டார்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கி அடித்தட்டைத் தூக்கி மூலைகளில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தால், எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது

'நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அந்த பிராண்டில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்கள் வழக்கமான தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்குப் போதாது. மூவாயிரம், ஐந்தாயிரம் கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் வண்டி பார்க்கப் போனவர் பெருமையாகக் கேட்டார்:

"அண்ணே, ஸ்கேனர் போட்டுப் பாத்தாச்சு. ஒரு எரர்கூட இல்லையே!"

"அதான் தம்பி எனக்குச் சந்தேகமே. பதிமூணு வருஷ வண்டில ஒண்ணுகூட இல்லன்னா, நேத்துதான் யாரோ அழிச்சிருக்காங்க."

அவர் சொன்னது சரி. எரர்களை அழித்த பிறகு, வண்டி தன்னைத் தானே மறுபடி சோதித்துக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அந்தச் சோதனைகள் முடியாமல் கிடக்கின்றன என்பதையும் நல்ல ஸ்கேனர் காட்டும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர் ரீடிங்கை நம்பாதீர்கள். 48,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருந்தால் அது ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி. பி.எம்.டபிள்யூ ஈ90-ல் ஒரு வசதி: சாவியிலேயே கிலோமீட்டர் பதிவாகும். சர்வீஸ் சென்டரில் அதைப் படித்துச் சொல்வார்கள். எந்த பிராண்டானாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். சாவி என்றதும் ஞாபகம் வருகிறது, இரண்டு சாவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதுச் சாவிக்குப் பல்லாயிரம் ஆகும்.

டயரையும் கவனியுங்கள். பி.எம்.டபிள்யூ-வில் 'ரன்ஃப்ளாட்' டயர்கள், ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சரானாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பது திட்டம். ஜெர்மனியில் அந்தத் தூரத்துக்குள் ஒர்க்‌ஷாப் வந்துவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி நின்றால் என்ன செய்வது? நாலு டயரும் மாற்றும் நிலையில் இருந்தால், விலையில் அறுபது, எழுபதாயிரம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக் கணக்கு

பெட்ரோல் வண்டி நகரத்தில் எட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 125 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 12,500. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும், 1,500 சி.சி-க்கு மேற்பட்ட காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி வருடத்துக்கு 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தனி. இந்த வயது வண்டிக்கு 'ஜீரோ டெப்' பொதுவாகக் கிடைக்காது. அதாவது, விபத்து நடந்தால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியை நீங்களே கட்ட வேண்டும். எலி கடித்த ஒயர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். நம் வீட்டு எலிகளுக்கு பிராண்ட் பேதம் கிடையாது.

கையில் ஆறு லட்சம் இருந்தால், நாலு லட்சத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், வாங்கியதும் செய்ய வேண்டிய எல்லா ஆயில், ஃபில்டர், பேட்டரி, பிரேக் பேடு வேலைகளுக்கு எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம். மீதியைத் தொடாமல் வங்கியிலேயே வைத்திருங்கள். முதல் வருடத்துக்குள் அதற்கு வேலை வரும். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் கார் லோன் தராது. அதனால் பர்சனல் லோன் எடுக்கிறார்கள். சிலர் வீட்டு நகையை அடகு வைக்கிறார்கள். வேண்டாம். நகையை மீட்கக் காசு சேரும் நேரத்தில்தான் கியர்பாக்ஸ் போகும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வேகன்-ஆரோ, ஐ10-ஓ இருந்து, இது இரண்டாவது வண்டி என்றால் தாராளமாக யோசிக்கலாம். பதினைந்து நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போவது தடைபடாது. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது நின்றுவிடாது. வீட்டுக்கு இருக்கப்போவதே இந்த ஒரே கார்தான் என்றால் என் ஓட்டு கிடையாது. நீங்கள் இருக்கும் ஊரும் முக்கியம். சென்னையிலும் கோவையிலும் இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. கம்பெனி பில்லில் பாதிக்கு முடித்துத் தருகிறார்கள். ராமநாதபுரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருந்தால், ஒவ்வொரு முறையும் ரெக்கவரி லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக வந்து, வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பேப்பர் வேலையில் மட்டும் அவசரம் காட்டுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிட்டு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று டிராயரில் போட்டு வைக்காதீர்கள். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும். பழைய ஓனரின் பாலிசியில் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. அவருடைய நோ கிளைம் போனஸும் அவரோடு போய்விடும். பரிவாகன் தளத்தில் நிலுவையில் உள்ள அபராதச் சலான்களையும், கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக, ஆர்.சி-யில் பெயர் இருப்பவரின் கணக்குக்கே போகட்டும்.